வால்சில்லை மாற்றினால் போதுமா?

வன்னியில் சின்ன விமானம் என்றால் முள்ளிவாய்க்கால் ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது 2007இல் விடுதலைப் புலிகள் பறக்கவிட்ட ஸ்லின் 143 ரகம்தான். அதற்கு மூக்கடியில் சில்லு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வவுனியா ஓடுதளத்தில் இறங்கிய போஃபோர்ட், போஃபைட்டர் விமானங்கள் வேறு மாதிரி. முன்னால் இரண்டு பெரிய சில்லு, வாலடியில் ஒரு குட்டிச் சில்லு. 1947 டிசெம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்த எயார் சிலோனின் டகோட்டாவும் அந்த ரகம்தான்.

இவற்றில் பாரம் முன்சில்லுகளுக்குப் பின்னால் விழுகிறது. உழவு மெசினில் பெட்டியைக் கொழுவிப் பின்னுக்கு எடுத்தவர்களுக்கு இதன் தொல்லை தெரியும்: கொஞ்சம் கோணினால் போதும், கோணல் தானாகவே பெருத்துவிடும். தரையில் அந்தக் கோணலை அடக்க விமானிக்கு முக்கியமாக உதவுவது சுக்கானும் பிரேக்கும் இந்தக் குட்டிச் சில்லும்தான். டகோட்டாவில் ஓடத் தொடங்குமுன் அதைப் பூட்டிவிடத் தனி நெம்புகோலே உண்டு.

பழைய சிறு விமானங்களை இன்றும் பறக்க வைத்திருப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இறங்கும்போது வால்சில்லு படபடவென்று ஆடினால் முழுத் தொகுதியையும் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டிவிடுவார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிரீசோடு புழுதி சேர்ந்தால் அரைக்கிற பசையாகிவிடும். உள்ளே சில்லைப் பிடித்து வைக்கும் கொக்கியின் விளிம்பு மழுங்கும். பிறகு வால் நினைத்த பக்கம் சுழலும். அப்படித் தேய்ந்ததை அரத்தால் ராவிச் சமாளிப்பதைவிடப் புதியது போடுவதே உத்தமம். ஸ்கொட் 3200 போன்ற வால்சில்லுத் தொகுதிகளுக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன.

ஆனால் ஆட்டத்துக்குக் காரணம் பல தடவை சில்லில் இருப்பதில்லை. அதைத் தாங்கும் வில்தகடு வருசக்கணக்கில் பாரம் சுமந்து வளைவிழந்து தட்டையாகிறது. உடனே சில்லு இடம்வலம் திரும்பும் செங்குத்தான சுழலச்சின் மேல்முனை முன்பக்கமாகச் சாய்கிறது. சில்லு இழுபட்டு நேராக ஓடும் இயல்பு குறைகிறது. அந்த நிலையில் எந்தப் புதுச் சில்லைப் போட்டாலும் சில காலம் இறுக்கமாக நின்று, பிறகு அதுவும் ஆடும். பணமும் போச்சு, வியாதியும் அப்படியே. இந்த வழக்கத்தின் பெரிய குறை இதுதான் என்பேன்: காரணம் தேடும் வேலையை அது கடைச்சாமானிடம் ஒப்படைத்துவிடுகிறது.

எதையும் மாற்றாமல் பழையபடியே வைத்திருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. 1931இல் முதலில் பறந்த டைகர் மொத் விமானத்தின் வாலடியில் சில்லே கிடையாது, நிலத்தைக் கீறி வரும் சறுக்குக்கட்டைதான். பிரேக்கும் இல்லை, அந்தக் கட்டைதான் பிரேக். புல்தரைக்கு அருமையான ஏற்பாடு. தார் ஓடுதளத்திலோ கட்டை பிடிக்காது, மளமளவென்று தேயும். அங்கே பழமையைக் கட்டிப்பிடிப்பது வீம்பு. அதற்காகக் கட்டையைக் கழற்றிச் சில்லை மட்டும் பூட்டினால் இருந்த ஒரே பிரேக்கும் போய்விடும். கனடாவில் டைகர் மொத்தைக் கட்டியவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். வால்சில்லு போட்டார்கள், முன்சில்லுகளுக்குப் பிரேக் வைத்தார்கள், பிரேக் பிடிக்கையில் மூக்குக் குத்தாமலிருக்க முன்சில்லுகளையும் சற்று முன்னே தள்ளினார்கள். மாற்றுவதென்றால் அப்படி மாற்ற வேண்டும்.

பெங்களூரில் உருவாகி 1951இல் பறந்த எச்.டி-2, 1958இல் பறந்த புஷ்பக் போன்ற வால்சில்லு விமானங்களை இன்னும் வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்லலாம். ஆட்களையும் எரிபொருளையும் ஏற்றி நிறுத்தி, சுழலச்சுக்குப் பக்கத்தில் மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அச்சு நிமிர்ந்தோ மேல்முனை சற்றுப் பின்சாய்ந்தோ இருந்தால் சரி. முன்சாய்ந்திருந்தால் முதலில் வில்தகட்டைப் பாருங்கள், புதுச் சில்லுக்கு ஓடர் கொடுப்பது அதற்குப் பிறகு.