பெயரும் பதவியும்

1925இல் பெர்லினில் அரங்கேறிய ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' ஓபராவை ஏழைச் சிப்பாயின் சோகம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. காப்டன், டாக்டர், டிரம் மேஜர் மூவருக்கும் பெயரில்லை, பதவி மட்டுமே. காப்டன் அவனுக்கு ஒழுக்கம் போதிக்கிறான். டாக்டர் காசு கொடுத்து, பீன்ஸ் தின்னவைத்து, அவனைச் சோதனைப் பொருளாக்குகிறான். மரீயைக் கொன்றபின் வோட்செக் குளத்தில் மூழ்கும் ஓசை இருவருக்கும் கேட்கிறது. நடையைக் கட்டுகிறார்கள். அவனுக்காக அழ மேடையில் ஆளில்லை, வாத்தியங்கள்தான் அழுகின்றன. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் நானும் 'கிளார்க்'தான். எத்தனை ஓசைகளைக் கேட்டும் கேட்காதவனாய் இருந்திருக்கிறேன்! கடைசிக் காட்சியில், தாய் இறந்த செய்தி புரியாமல் மரக்குதிரை ஓட்டும் குழந்தைக்கும் பெயரில்லை. அதற்குக் கிடைக்கப்போவது பெயரா, பதவியா?