ஆக்கியோன் பெயரும் நாட்டார் மெட்டும்

1963 மே மாதம் வெளிவந்த பொப் டிலனின் 'த ஃபிறீவீலின் பொப் டிலன்' என்னும் இரண்டாவது இசைத்தட்டு, நாட்டார் பாடகன் கவிஞனாகிய கட்டத்தைக் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. முந்திய ஆண்டின் முதற்றட்டில் அவர் யாத்த பாடல்கள் இரண்டே. இரண்டாவதிலோ 13 பாடல்களுள் 11 அவருடையவை.

எண்ணிக்கை இவ்வாறிருக்க, மெட்டுக்களை நோக்குமிடத்து வேறொரு செய்தி புலனாகின்றது. 'புளோயிங் இன் த விண்ட்' பாடலின் இசைக்கு, அடிமை ஏலத்தை மறுத்துரைக்கும் கறுப்பின மக்களின் பழம்பாடலொன்று அடிப்படையாயிற்று. 'மாஸ்ரர்ஸ் ஒஃப் வோர்', 'நொட்டமன் ரவுண்' என்னும் பழம்பாடலின் மெட்டில் அமைந்தது. 'ஏ ஹாட் றெயின்ஸ் ஏ-கொன்னா ஃபோல்' பாடலோ 'லோர்ட் றண்டல்' கதைப்பாடலின் வினாவிடை அமைப்பைத் தழுவியது. தாய் வினவ, நஞ்சூட்டப்பட்ட மகன் விடையிறுக்கும் அக்கதைப்பாடல் ஒரு வீட்டின் துயரத்தையே பேசுகிறது. டிலன் வினாவை ஏறத்தாழ அவ்வாறே நிறுத்தி, விடையைப் பெருக்கினார். மகன் கண்டனவும் கேட்டனவும் ஒரு காலகட்டத்தின் அச்சமாக விரிகின்றன. இத்தட்டின் தலையாய சாதனை இதுவே எனலாம். இப்பாடலைக் கியூபா ஏவுகணை நெருக்கடியின் விளைபொருள் என்பாருமுளர். நெருக்கடி மூண்டது 1962 ஒக்டோபரில். பாடல் செப்ரெம்பரிலேயே மேடையேறிவிட்டது. இலக்கியத்துக்கும் நிகழ்ச்சிக்கும் நேர்க்கோடு வரைந்து திருப்தியுறும் நம்மவர் சிலர் இதனைக் கவனித்தல் நன்று.

எனினும், எதிர்ப்பு எவரை நோக்கியது என்ற வினா எஞ்சுகிறது. 'புளோயிங் இன் த விண்ட்' எவரையும் பெயர் சுட்டிக் குற்றஞ் சாட்டவில்லை. பீற்றர், போல் அன்ட் மேரி குழுவினர் பாடிய வடிவம் 1963இல் அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாமிடம்வரை உயர்ந்தமைக்கு இப்பொதுமையும் ஒரு காரணமாகலாம். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரடித் சேர்க்கப்பட்டபோது 1962இல் நிகழ்ந்த கலவரத்தைத் தொட்டெழுந்த 'ஒக்ஸ்ஃபோர்ட் ரவுண்' மிகச் சிறிய பாடல். ஆயினும் அது இடத்தைச் சுட்டுகிறது. என் மதிப்பீட்டில் அதன் அடக்கமான கோபம் முன்னையதிலும் கூர்மையானது.

நிறுவனத்தின் நடத்தையும் இவ்விடத்து நோக்கற்பாலது. ஜோன் பேர்ச் கழகமெனும் வலதுசாரி அமைப்பை எள்ளிய பாடலைத் தொலைக்காட்சியில் பாட 1963 மே மாதத்தில் சி.பி.எஸ். இடமளிக்கவில்லை. அதன் கிளையான கொலம்பியா வெளியிட்ட இத்தட்டிலும் அப்பாடல் நீக்கப்பட்டது. இறுதி நேரத்தில் மாற்றாகச் சேர்க்கப்பட்ட நான்கனுள் 'மாஸ்ரர்ஸ் ஒஃப் வோர்' ஒன்று. பெயர் சுட்டிய எள்ளல் வெளியேற, பெயர் சுட்டாத சாபம் உள்ளே வந்தது.

2020இல் டிலன் தம் பாடல்களின் உரிமையை யூனிவேர்சல் நிறுவனத்துக்கு விற்றார். அடிமை ஏலத்தை மறுத்தோரின் இசையில் வேர்கொண்ட பாடலும் அவ்விற்பனையுள் அடங்கும்.