பக்கத்து இலை

சென்னையிலிருந்து 2022 ஜூனில் கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியது. கப்பலில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டே சிநேகமாகிவிடலாமாம். புதுச்சேரியின் அபிஷேகப்பாக்கத்துக்காரருக்கு இதில் என்ன புதுமை? பக்கத்துச் சிங்கிரிகுடி நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டுக் கல்யாணப் பந்திக்கு வந்தால், காலியாக இருக்கும் இலையில் உட்கார வேண்டியதுதான். தண்ணீர் தெளித்து இலையைத் துடைப்பதற்குள், “நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்று பக்கத்து இலை கேட்டுவிடும். வில்லியனூர், பாகூர் என்று ஊரைச் சொன்னால், சாம்பார் வருவதற்குள் ஒரு சொந்தம் அகப்படும். ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்கும்போது, “அண்ணனுக்கு அப்பளம் வைப்பா” என்று பக்கத்து இலைக்காரர் நமக்காகக் குரல் கொடுத்தால் சிநேகம் உறுதி. பஃபேயில் இதற்கு வழியில்லை. தட்டைப் பிடிக்கவே கை போதாது. கல்யாணம் வைப்பவர்களே, ஒரு பந்தியாவது இலை போட்டுப் பரிமாறுங்கள்.