அடுத்த தெருவின் வெளிச்சம்

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்கப் புறநகர்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேலை கூடிவிடுகிறது. பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, வீட்டுப் பெரியவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கக் கிளம்புகிறார்கள். கூரை விளிம்பில் சரவிளக்கு, புல்வெளியில் கம்பி மான், காற்றடைத்த சாண்டா. பெரும்பாலும் கட்டணம் கிடையாது, அழைப்பிதழும் வேண்டாம். பண்டிகை சமயம் சார்ந்தது என்றாலும் இந்த வழக்கம் தேவாலயத்தில் பிறந்ததில்லை. மின்சாரம் விற்க வந்தவர் வீட்டில் பிறந்தது. எடிசன் நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்த எட்வர்ட் ஜான்சன் 1882 டிசம்பரில் நியூயார்க்கிலுள்ள தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 பல்புகளைக் கட்டிச் சுழலவிட்டார். பத்திரிகை நிருபர் வந்து பார்த்து வியந்து எழுதினார். அடுத்தவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஏற்றிய விளக்கு அது. விளம்பரமும் விருந்தோம்பலும் முதல் நாளிலேயே ஒரே மரத்தில் தொங்கின. இன்றும் இரண்டும் பிரியாமல்தான் இருக்கின்றன. எந்த இடத்தில் எது மேலோங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது விளக்கின் எண்ணிக்கையைவிட, பார்க்க வருகிறவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்த வழக்கத்தைக் குறை சொல்பவர்களின் கை முதலில் மின்கட்டண ரசீதைத் தேடும். அவர்களிடம் பலமான எண்ணும் இருக்கிறது. வாஷிங்டனிலுள்ள சென்டர் ஃபார் குளோபல் டெவலப்மென்ட் என்ற ஆய்வமைப்பு 2015இல் ஓர் ஒப்பீடு வெளியிட்டது: அமெரிக்கப் பண்டிகை விளக்குகள் ஆண்டுக்கு 663 கோடி யூனிட் குடிக்கின்றன, எல் சால்வடார் நாடு முழுவதும் ஓராண்டில் செலவிடுவது 535 கோடி, எத்தியோப்பியா 530 கோடி. கேட்டவுடன் சுருக்கென்று தைக்கும். ஆனால் அந்த 663 கோடி, 2008இல் போட்ட மதிப்பீடு. நாட்டின் மொத்த மின்நுகர்வில் சுமார் 0.2 சதவீதம். ஏழு வாட் இழுத்த பழைய குண்டு பல்பு இருந்த இடத்தில் இன்று ஒரு வாட்கூடக் கேட்காத எல்.ஈ.டி. உட்கார்ந்திருக்கிறது. தவிர, ஒஹாயோவில் ஒருவர் சரத்தை அவிழ்த்து வைத்தால் எத்தியோப்பியக் கிராமத்தில் விளக்கு எரிந்துவிடப் போவதில்லை. அந்த அமைப்பும் சுட்டிக்காட்ட விரும்பியது ஏழை நாடுகளின் மின்பஞ்சத்தையே. அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டப் பயன்படுத்தியது மற்றவர்கள்.

மின்சாரக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் அது வேறோர் இடத்தில் போய் முட்டுகிறது. ஆயிரம் குட்டி எல்.ஈ.டி. விளக்குகளுக்கு அறுபது, எழுபது வாட் போதும். தினம் ஆறு மணி நேரமாக முப்பது நாள் எரியவிட்டாலும் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட்டைத் தாண்டாது. இரண்டு மூன்று டாலர் சமாசாரம். அதைப் பார்க்கப் போய்த் திரும்ப ஒரு குடும்பம் முப்பது கிலோமீட்டர் கார் ஓட்டினால் ஏறக்குறைய மூன்று லிட்டர் பெட்ரோல் தீரும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் சுமார் ஒன்பது யூனிட். ஆக, ஒரு வீடு மாதம் முழுக்க எரித்ததைப்போல இரண்டு மடங்கை ஒரே குடும்பம் ஒரே மாலையில் எரித்துவிடுகிறது. வரிசையில் நின்று எஞ்சினை உறுமவிடுவது தனிக் கணக்கு. விளக்கு கட்டியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போட்ட கணக்கு, பார்க்க வந்தவரைக் கைகாட்டுகிறது. நடந்தே போய்ப் பார்த்திருந்தால் குற்றச்சாட்டே எழுந்திருக்காது.

சரி, செலவை ஒதுக்கிவைப்போம். லாபம் என்ன? அழகு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் மான்களின் அழகைப் பற்றிக் கருத்தொற்றுமை ஏற்படப் போவதில்லை. ஆய்வாளர்கள் கண்டது வேறு. யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் வெர்னரும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களுக்கு வீடுகளின் படங்களை மட்டும் காட்டினார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரம் இருந்த வீட்டில் வசிப்பவர் பழகுவதற்கு இனியவர் என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதாவது சரவிளக்கு ஒரு பேச்சு. ‘வந்தால் முகம் திருப்பமாட்டோம்’ என்று தெருவைப் பார்த்துச் சொல்லும் பேச்சு. இங்கிலாந்தில் டிம் எடென்சரும் ஸ்டீவ் மில்லிங்டனும் 2009இல் எழுதிய ஆய்வு இன்னும் கூர்மையானது. உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் விளக்குகளை அள்ளிக் கொட்டுபவர்களை ‘ரசனை கெட்டவர்கள்’ என்று நடுத்தர வர்க்கம் கேலி செய்ய, கட்டியவர்களோ தெருப் பிள்ளைகளின் சந்தோஷத்தையும் அக்கம்பக்கத்து உறவையும் பற்றிப் பேசினார்கள். ஈகையைப் பற்றிய பேச்சை ரசனையைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டால் கொடுப்பவரை எளிதாகக் கீழே தள்ளிவிடலாம். இந்தத் தந்திரம் எல்லா ஊரிலும் உண்டு.

குடும்பத்தோடு போவதில் பிள்ளைக்குக் கிடைப்பதும் இதுதான்: முகம் தெரியாத ஒருவர், தன் காசில், ஏணியில் ஏறி, நமக்காக எதையோ செய்திருக்கிறார் என்ற வியப்பு. நாம் திருப்பித் தர வேண்டியது எதுவுமில்லை. அந்த வியப்பு நிலைக்க வேண்டுமானால் கொடுத்தவர் கண்ணில் பட வேண்டும். பால்டிமோர் நகரின் ஹாம்ப்டன் பகுதி முன்பு பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே 34ஆம் தெருவில் ஒட்டிக் கட்டிய வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒரு வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்குத் தெருவின் குறுக்கே சரங்களை இழுத்துக் கட்டுவது அவர்கள் வழக்கம். சக்கர மூடிகளால் செய்த கிறிஸ்துமஸ் மரம்கூட உண்டு. குறுக்கே கட்ட எதிர்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இணக்கம் இல்லாமல் அந்த அலங்காரமே இல்லை. பார்க்க வருபவர்களும் நடைபாதையில் மெல்ல நகர்ந்தாக வேண்டும், அதனால் வாசலில் நிற்பவருக்கு வணக்கம் சொல்லாமல் தாண்ட முடியாது. நம்மூர் கொலுவில் வீட்டுக்குள்ளேயே போய்ச் சுண்டல் வாங்கித் திரும்பும் நெருக்கம் இதில் இல்லைதான். இருந்தாலும் காரின் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

தூரம் கூடும்போது என்ன நடக்கிறது என்பதை ஆஸ்போர்ன் குடும்ப விளக்குகளின் கதை பிசிறில்லாமல் காட்டிவிடுகிறது. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் என்ற செல்வந்தர் 1986இல் தன் சிறிய மகள் ஆசைப்பட்டாள் என்று ஆயிரம் சிவப்பு விளக்குகளை வீட்டில் கட்டினார். அப்பா மகளுக்குச் செய்த அழகான காரியம். ஆண்டுக்கு ஆண்டு அது பெருகியது. பக்கத்து வீடுகளை வாங்கி அங்கேயும் படர்ந்து முப்பது லட்சம் விளக்குகளை எட்டியது. எங்கெங்கிருந்தோ கார்கள் வந்து தெருவை அடைத்தன. அண்டை வீட்டார் ஆறு பேர் 1993இல் வழக்குத் தொடுத்தார்கள். 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நாட்டின் உச்ச நீதிமன்றமும் ஆஸ்போர்னுக்குக் கைகொடுக்கவில்லை. பல்லாயிரம் பேர் சந்தோஷப்படுவதை ஆறு பேர் கெடுப்பதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு, கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பார்க்க வந்தவர் பத்து நிமிடத்தில் போய்விடலாம். அந்த ஆறு பேர் எங்கே போவது? ஒருவருடைய பத்து நிமிடங்களைப் பல்லாயிரத்தால் பெருக்கினால் அதைச் சுமப்பது அந்தத் தெருவில் தூங்க வேண்டியவர்கள். கொடுப்பவர் ஆஸ்போர்ன், பெறுபவர் ஊர், விலை கொடுத்தவர் மூன்றாமவர். இதை ஈகை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது, கற்பனைக் கதையில் எழுதினால் மிகை என்று வெட்டிவிடுவார்கள். 1995இல் அந்த விளக்குகள் புளோரிடாவிலுள்ள டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காவுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே முதலில் அவற்றைக் கட்டியது, படப்பிடிப்புக்காக எழுப்பிய வீட்டு முகப்புகளின் மேல். முன்பக்கம் மட்டும் வீடு, பின்னால் ஒன்றுமில்லை. அண்டை வீட்டார் இல்லை, ஆகவே வழக்கும் இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த குடும்பங்கள் போலித் தெருவில் நடந்து ரசித்தன. 2016 ஜனவரியில் புதிய கேளிக்கைப் பகுதிகளுக்கு இடம் வேண்டியிருந்தபோது விளக்குகள் அணைந்தன. இருபது ஆண்டுக் காலம் அவை அங்கே யாருக்கும் தொல்லை தரவில்லை என்பது உண்மை. பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள் என்பதும் உண்மை. வெளிச்சத்தில் குறையே இல்லை. ஒன்றுதான் குறைந்தது: இதை நமக்காகச் செய்தவர் யார் என்று பிள்ளை கேட்டால், நம் டிக்கெட் காசுதான் என்று பதில் சொல்ல வேண்டும்.

பெரிதாக வளர்ந்த எல்லா இடமும் இப்படிக் கெட்டுப்போனதாகச் சொன்னால் அது என் வாதத்துக்கு வசதியான பொய். வட கரோலினாவில் ஆயிரம் பேர்கூட வசிக்காத மெக்கேடன்வில் என்ற ஆலை ஊர் 1956இல் ஒருசில மரங்களில் விளக்கு கட்டத் தொடங்கியது. இன்று ஒவ்வொரு டிசம்பரிலும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள், இன்னும் இலவசம்தான். நெரிசல் கடுமை. ஆனால் தாக்குப்பிடிக்கிறது, காரணம் ஊர் முழுவதும் அதில் பங்காளி. புரூக்ளினின் டைக்கர் ஹைட்ஸ் நிலைமை அப்படியில்லை. இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள் 1980களில் வளர்த்த அலங்காரம் இப்போது சுற்றுலாப் பேருந்துகளின் அட்டவணையில் ஏறிவிட்டது. பேருந்துக் கட்டணம் நிறுவனத்துக்கு, குப்பையும் ஒலியும் தெருவுக்கு. ஏபிசி தொலைக்காட்சி 2013 முதல் விளக்குப் போட்டி ஒன்றை நடத்தி 50,000 டாலர் பரிசு தருகிறது. நடுவர் வந்து மதிப்பிடும் ஈகையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே என் வாதத்தைக் கடுமையாகத் தாக்கக்கூடிய ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டும். நாசா 2014இல் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தபோது, நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள் முதல் புத்தாண்டு வரை அமெரிக்க நகரங்களின் இரவு 20 முதல் 50 சதவீதம் கூடுதல் வெளிச்சம் பெறுவதைக் கண்டது. அந்த ஏற்றம் நகர மையத்தைவிடப் புறநகரில் அதிகம். புல்வெளியும் தனிவீடும் இருப்பவர்களிடம்தான் விளக்கு குவிகிறது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரின் பிள்ளையிடம் போய், உன் தெருவில் நடந்து பார் என்றால் அவன் எதைப் பார்ப்பான்? முழங்கால் வலிக்கும் பாட்டியை மினசோட்டாவின் உறைபனியில் நடக்கச் சொல்வதா? இந்த ஆட்சேபங்களுக்கு முன்னால் என் அளவுகோல் வளைந்துதான் கொடுக்க வேண்டும். கார் சிலருக்கு ஊன்றுகோல். பெருந்தொற்று தொடங்கிய 2020 டிசம்பரில் எல்லோருக்குமே அப்படித்தான் இருந்தது. கட்டணம் வாங்கும் காட்சிகள் பலவற்றில் அந்தப் பணம் நற்பணிக்குப் போவதும் உண்டு. ஆனால் சிலருக்குத் தேவையான ஊன்றுகோலை அனைவரும் பழக்கமாக்கிக்கொண்டதும், பக்கத்துத் தெருவைப் பார்க்காமல் நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பிரம்மாண்டத்தைத் தேடிப் போவதும் வேறு விஷயங்கள்.

அருகாமைக்கும் ஒரு கெட்ட முகம் உண்டு. தெருவே ஒளிரும்போது விளக்கு போடாத ஒரு வீடு பல் விழுந்த வாய்போலத் தெரியும். அலங்கரித்த வீடு அன்பானது என்று வெர்னரின் ஆய்வில் பார்த்தவர்கள் நினைத்தார்கள் என்றால், வெறும் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அந்த வீட்டில் யூதக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ இருக்கலாம். அந்த ஆண்டு சாவு விழுந்த வீடாக இருக்கலாம். வேலை போனவர் வீடாக இருக்கலாம். விளக்குக்குச் சிலுவையைப்போலத் திட்டவட்டமான சமயப் பொருள் கிடையாது என்பதால் பலரும் தயங்காமல் சேர்ந்துகொள்கிறார்கள். தீபாவளிக்குக் கட்டிய சரத்தை ஜனவரி வரை அவிழ்க்காத தமிழ் வீடுகளும் நியூஜெர்சியில் உண்டு. சேர முடிவதும் சேர்ந்தே ஆக வேண்டியிருப்பதும் ஒன்றில்லை. இந்த நெருக்கடி டிஸ்னியில் கிடையாது, டிக்கெட் காட்சியில் கிடையாது. அக்கம்பக்கம் உயிரோடு இருக்கும் தெருவில்தான் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை, தீர்க்கவும் வழி தெரியவில்லை.

கலிபோர்னியாவின் ஆல்டடீனாவில் சாண்டா ரோசா அவென்யூவின் இருபுறமும் தேவதாரு மரங்கள் நிற்கின்றன. இமயத்து மரம், நமக்கும் பழகிய பெயர். 1920 முதல் ஊர்க்காரர்கள் அவற்றில் விளக்கு கட்டுகிறார்கள், தன்னார்வலர்கள் கைவேலை. வரும் கார்கள் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு ஊர்ந்து போவது அங்கே மரபு: வந்தவர் தம் வெளிச்சத்தை முதலில் குறைத்துக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் ஈட்டன் காட்டுத்தீ அந்த வட்டாரத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைச் சாம்பலாக்கியது. மரங்களில் பெரும்பாலானவை தப்பின. அந்த ஆண்டு டிசம்பரிலும் அவற்றில் விளக்கு எரிந்தது. சுற்றுவட்டாரத்தில் வீடிழந்து வெளியேறியவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ஆண்டு வெகுதூரத்திலிருந்து அங்கே வந்தவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள்.