காய்ச்சலும் துருவும்: ‘ஃபார் கிரை 2’ விளையாட்டின் கதையாடல்

கணினி விளையாட்டைப் பனுவலாக ஏற்றுப் பேசுவதில் நம் துறைகளில் இன்னும் தயக்கம் நிலவுகிறது. அது சுடும் விளையாட்டு என்றால் தயக்கம் இரு மடங்காகிவிடும். என் கதையியல் வகுப்பில் மாணவரொருவர் தன்மைக் கூற்றுக்கு எடுத்துக்காட்டாக நாவல் எதனையும் கொண்டுவராமல் ‘ஃபார் கிரை 2’ விளையாட்டைக் கொண்டுவந்தபோது நானும் அத்தயக்கத்தோடுதான் அதனை அணுகினேன். இருமுறை பாதியில் கைவிட்டேன். மூன்றாம் முறையே முடித்தேன். அதன் கதை உரிய மதிப்பைப் பெறாமற்போனது ஏன், அதன் மெய்யான குறைபாடு எங்கே உள்ளது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள யூபிசாஃப்ட் நிறுவனக் கிளை உருவாக்கிய இவ்விளையாட்டு 2008ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. கிளின்ட் ஹாக்கிங் இதன் படைப்பாக்க இயக்குநர். களம், உள்நாட்டுப் போரில் சிதைந்த, பெயரிடப்படாத ஓர் ஆப்பிரிக்க நாடு. போரிடும் இரு அணிகளுக்கும் ஆயுதம் விற்பவன் ஜாக்கல். அவனைக் கொல்லும் பணியேற்று வந்த கூலிப்படையாளே ஆட்டக்காரர். இவ்வகை விளையாட்டில் ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் முகத்தைக் காண்பதில்லை. இரு கைகளும் துப்பாக்கியுமே கண்ணுக்குத் தெரியும். இலக்கியத்தில் தன்மைக் கூற்று என்பது ‘நான்’ என்று பேசும் குரல். இங்கோ அந்த ‘நான்’ பேசுவதே இல்லை, செய்கிறது.

கதை தொடங்கும் முறையே கருதத்தக்கது. நாட்டுக்குள் நுழையும் வாடகை வண்டியில் அமர்ந்து, எதிர்த்திசையில் ஓடும் அகதிகளைப் பார்த்தபடி வருகிறோம். மலேரியாக் காய்ச்சல் தாக்குகிறது. விடுதி அறையொன்றில் கண்விழிக்கும்போது நாம் கொல்ல வந்தவனே கட்டிலருகில் நின்று நம் பணியாணையைப் படித்துக்கொண்டிருக்கிறான். நம்மைக் கொல்வது அவனுக்கு எளிது, கொல்லாமல் போய்விடுகிறான். வேட்டையாட வந்தவர் முதற்காட்சியிலேயே வேட்டைப்பொருளின் தயவில் உயிர்வாழ்பவராகிவிடுகிறார்.

இதற்குப் பின் வரும் உரையாடல்களில் கதையைத் தேடியவர்கள் ஏமாற்றமடைந்ததில் வியப்பில்லை. பாத்திரங்கள் மூச்சுவிடாமல், ஏதோ வண்டிக்கு நேரமானவர்போல் ஒப்பிக்கின்றனர். உரையாடல் எழுத்தில் இது குறையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்விளையாட்டின் கதை செயல்களில் அமைந்திருக்கிறது. களத்தில் கண்டெடுக்கும் துப்பாக்கிகள் துருவேறியவை. எதிரி முன்னே நிற்கும்போது சிக்கிக்கொள்பவை. காய்ச்சல் இடையிடையே மீண்டும் வந்து பார்வையை மங்கச் செய்கிறது. மாத்திரை தீர்ந்தால், ஒளிந்து வாழும் குடும்பங்களுக்குப் பயண ஆவணங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ஈடாக மருந்து பெறவேண்டும். விளையாட்டில் ஆட்டக்காரர் செய்யும் அறச்செயல் ஏறக்குறைய இது ஒன்றே; அதுவும் மாத்திரைக்காகச் செய்வது.

கூட்டாளி சாகும் காட்சி இன்னும் கடுமையானது. நம்மைப் பலமுறை காப்பாற்றிய சக கூலிப்படையாள் குண்டடிபட்டுக் கிடக்கிறான். மார்ஃபின் ஊசி போடுகிறோம். சில வேளைகளில் ஒன்று போதாது. அவன் மீண்டும் கேட்கிறான். மேலும் போட்டால் மருந்தே அவனைக் கொல்கிறது. இல்லையேல் கைத்துப்பாக்கியால் முடித்துவைக்கலாம், அல்லது எழுந்து போய்விடலாம். இம்மூன்றுள் எதைச் செய்தாலும் இசை பொங்குவதில்லை, கண்ணீர்க்காட்சி தொடர்வதில்லை. செய்தது நம் விரல் என்பது மட்டுமே எஞ்சுகிறது. உணர்வை உரைக்காமல் நிகழ்ச்சியை மட்டும் நிறுத்திவைக்கும் இவ்வடக்கம் நல்ல சிறுகதையாசிரியருக்கே கைவருவது.

ஆட்டக்காரர்கள் பெரிதும் குறைகூறியது காவற்சாவடிகளை. ஒரு சாவடியிலுள்ள அனைவரையும் வீழ்த்திவிட்டுச் சற்றுத் தொலைவு சென்று திரும்பினால் அங்கே புதிய காவலர்கள் நிற்பர். நானும் இதனாற்றான் முதன்முறை நிறுத்தினேன். இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். ஒரு விளையாட்டின் கதை சொல்வதும் அதன் விதிகள் செய்யவைப்பதும் ஒன்றுக்கொன்று முரண்படுவதைச் சுட்ட ‘லூடோநேரடிவ் டிசொனன்ஸ்’ என்னும் கலைச்சொல்லை 2007இல், ‘பயோஷாக்’ விளையாட்டைத் திறனாய்ந்தபோது ஆக்கியவர் இதே ஹாக்கிங். அம்முரணை நன்கறிந்தவரின் படைப்பில், கொல்லக் கொல்ல நிரம்பும் சாவடி வெறும் கவனக்குறைவு என்று தள்ளத்தக்கதன்று. இரு அணிகளுக்கும் மாறிமாறி உழைக்கும் கூலியாளின் வன்முறை எதையும் முடித்துவைப்பதில்லை என்பதை வேறெக்காட்சியும் இவ்வளவு சலிப்பூட்டி உணர்த்துவதில்லை. அந்தச் சலிப்பின் அளவு கூடிப்போயிற்று என்பதையும் உடன் சொல்லவேண்டும். பொருளுடைய சலிப்பும் சலிப்பே.

எனவே மெய்யான குறையை வேறிடத்தில் தேடவேண்டும். இக்கதை ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்’ குறுநாவலின் வழிவந்தது. ஜாக்கல் அதன் குர்ட்ஸின் மறுவடிவம். போர்னியோவைக் களமாகக் கொண்ட ‘அல்மேயர்ஸ் ஃபாலி’ வழியாக நம் வட்டாரத்து மாணவர்க்குக் கான்ராட் அயலார் அல்லர். 1899இல் முதலில் வெளிவந்த அக்குறுநாவல், ஆப்பிரிக்காவை ஐரோப்பியரின் மனச்சிதைவுக்கான திரைச்சீலையாகச் சுருக்கிவிட்டது என்று 1975ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் சினுவா அச்செபே சாடினார். அச்சாடல் இவ்விளையாட்டின்மீது இன்னும் கூர்மையாகப் பாய்கிறது.

தொல்காப்பியத்தின் நோக்கில் இதனை எளிதாக விளக்கலாம். முதற்பொருள் இங்குச் செம்மையாக உள்ளது. நிலம் விரிந்து கிடக்கிறது. பகலும் இரவும் மாறுகின்றன. காய்ந்த புல்லில் பற்றிய தீ காற்றின் திசையில் பரவுகிறது. கருப்பொருளில் மரமும் மாவும் உள்ளன, வரிக்குதிரைகள் மேய்கின்றன. ஆனால் உணவு எங்கே? தொழில் எங்கே? பறையும் தெய்வமும் எங்கே? தேவாலயம் ஒன்று உண்டு. அது மாத்திரை பெறும் இடமாகவே நமக்குப் பயன்படுகிறது. உழுபவர் இல்லை, சமைப்பவர் இல்லை, தெருவில் ஆடும் குழந்தை இல்லை. அகதிகள் சில அறைகளுக்குள் கூடி நிற்கின்றனர். அறைக்கு வெளியே எதிர்ப்படுவோர் எல்லாரும் நம்மைச் சுடுவோர். கருப்பொருள் குன்றிய நிலத்தில் உரிப்பொருள் எவ்வாறு தழைக்கும்?

இக்குறை முடிவில்தான் விலை கேட்கிறது. கூட்டாளிகள் வைரங்களுக்காக நமக்கு எதிராகத் திரும்பியபின் ஜாக்கல் தன் திட்டத்தைச் சொல்கிறான். வன்முறை ஒரு நோய்; அது தொற்றியவர் அனைவரும், தானும் நாமும் உட்பட, அழியவேண்டும். இரு பணிகள் எஞ்சியுள்ளன. ஒருவர் வைரங்களை எல்லைக் காவலருக்குக் கையூட்டாகக் கொடுத்து அகதிகளைக் கடக்கச் செய்துவிட்டுத் தம்மைத்தாமே சுட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர் வெடிவைத்துக் கணவாயை அடைத்து அதிலேயே மாளவேண்டும். எதைத் தேர்ந்தாலும் நமக்குச் சாவு. வெற்றியைப் பரிசாகக் கொடுத்துப் பழகிய ஒரு வகைமையில் இது துணிவான முடிவு. இருப்பினும் யாருக்காகச் சாகிறோமோ அவர்களுள் ஒருவரையும் நமக்குத் தெரியாது.

மாணவரின் கருத்து இதற்கு மாறாக இருந்தது. மருந்துக்காக மட்டுமே உதவி வந்தவன் இறுதியில் ஈடு எதுவும் பெறாமல் உதவுகிறான். முகமறியாதவர்க்காக என்பதே அச்செயலுக்குப் பொருள் தருகிறது என்றார். அவ்வாதத்தை நான் முழுதும் ஏற்கவில்லை; முகமறியாமை வேறு, முகமே வரையாமை வேறு. ஆயினும் இரண்டு வைரப் பைகளுக்காக ஒரு சாவடியையே அழித்த அதே கைகள் அவ்வைரங்களைக் காவலனிடம் நீட்டும் முடிவைத் தேர்ந்தெடுத்து ஆடியபோது, பொத்தானை அழுத்த எனக்குச் சற்று நேரம் பிடித்தது.