எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

2024 டிசம்பர் 1ஆம் தேதி மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் நடந்ததைப் பற்றி வந்த செய்திகளையும் அறிவிப்புகளையும் ஒருசேர வைத்துப் படித்தால் ஓர் இலக்கண ஒற்றுமை கண்ணில் படும். மண் சரிந்தது. பாறை உருண்டது. வீடு புதைந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். எல்லாம் தன்வினை. யாரும் எதையும் செய்யவில்லை, அதது தானாக நடந்தது என்கிற மொழி. செய்தவர் யார் என்று சொல்லத் துணிந்தது ஒரேயொரு வாக்கியம்தான்: மலையடிவாரத்தை மக்கள் ஆக்கிரமித்திருந்தார்கள். அங்கே எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, செயப்படுபொருளும் இருக்கிறது. முழுமையான தமிழ் வாக்கியம். குற்றம் சாட்ட வேண்டிய இடத்தில் மட்டும் இலக்கணம் திரும்பி வந்துவிடுகிறது.

இலக்கணம் சொல்லிக்கொடுப்பவளுக்கு எல்லாமே இலக்கணமாகத் தெரிகிறது என்று சிரிக்கலாம். ஆனால் அரசின் பொறுப்பு என்று நாம் பேசுவது கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது: வினைக்கு உரியவர் யார்?

நடந்தது இதுதான். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்த பிறகும் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. மறுநாள் மாலை அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே ஒரு கணவன், மனைவி, ஐந்து குழந்தைகள். ஐவரில் மூவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். உடல்களை எடுத்து முடிக்க இரண்டு நாளாயிற்று. தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. 'அறிவிக்கப்பட்டது' என்ற இந்தச் செயப்பாட்டு வினையை நான் வேண்டுமென்றே எழுதவில்லை, கை தானாக எழுதிவிட்டது. அரசாங்கத் தமிழ் நம் எல்லார் கைக்குள்ளும் புகுந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். நெருக்கிக் கட்டிய தெருக்களில் குழந்தைகளை ஒரு வீட்டில் விட்டுவிட்டு இன்னொருத்தி வேலைக்குப் போவதும், தண்ணீர் பிடிக்கப் போவதும், மழையில் ஒழுகாத கூரை யாருடையதோ அங்கே எல்லாப் பிள்ளைகளையும் அடைப்பதும் பெண்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்கிற பாதுகாப்பு ஏற்பாடு. எந்தத் துறையின் வரவு செலவிலும் அது வராது. பேரிடர் மேலாண்மைத் திட்டங்களில் தங்குமிடம் என்று பள்ளிக்கூடத்தையும் சமுதாயக் கூடத்தையும் எழுதி வைக்கிறார்கள். மழை நாளில் ஒரு தாய் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டுக் கதவைத்தான்.

இனி 'ஆக்கிரமிப்பு' என்ற சொல். அதோடு ஒட்டிப் பிறந்தது புறம்போக்கு. வரி விதிப்புக்குப் புறம்பே போன நிலம், ஊருக்குப் பொதுவானது: மேய்ச்சல், மயானம், ஏரி, வண்டிப்பாதை. பொதுவில் இருந்த ஒன்றுக்கான பெயர் எப்படி மனிதரை ஏசுகிற வசையாக மாறியது என்பதை எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய பாட்டுக்குப் பிறகு பலரும் பேசினார்கள். நான் அதன் அடுத்த அடுக்கைச் சொல்கிறேன். வருவாய்த் துறையில் புறம்போக்கு இரண்டு வகை. ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு. நீர்நிலை, சாலை, மேய்க்கால் என்றால் முதல் வகை, பட்டா கிடையாது. நத்தம் போன்றது இரண்டாவது வகை, பட்டா கேட்கலாம். ஆட்சேபிப்பவர் யார்? அந்தச் சொற்றொடரில் எழுவாய் இல்லை. பதிவேட்டில் ஒரு குறியீடு மாறினால் ஒரு தெருவே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் போய்விடும். அந்தத் தெருவில் இருப்பவளுக்கு அது தெரியவும் தெரியாது.

1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி வருவதுதான் பி மெமோ. அரசு நிலத்தில் இருப்பவரிடம் அதற்காகத் தீர்வையும் அபராதமும் வசூலிக்கும் தாள். மக்கள் அந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருப்பார்கள். ஏனென்றால் தாங்கள் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறோம் என்பதற்கு அரசே எழுதிக் கொடுத்த சாட்சி அது ஒன்றுதான். தண்டனைச் சீட்டு உரிமைச் சீட்டாக மாறுகிற இந்த வினோதத்தை நாவலாசிரியர் யாரும் கற்பனை செய்ததில்லை. அபராதம் கட்டச் சொல்லும்போது அரசுக்கு அவளைத் தெரிகிறது. மின் இணைப்புத் தரும்போதும் ஓட்டுக் கேட்கும்போதும் தெரிகிறது. மலை இறங்கி வந்த மறுநாள்தான் 'இவர்கள் ஏன் இங்கே இருந்தார்கள்' என்று அது வியக்கிறது.

ஏன் இருந்தார்கள் என்பதற்கு விடை மலையில் இல்லை, மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டரில் இருக்கிறது. கிரிவலப் பாதையின் இருபுறமும் மனை விலை ஏறிய வேகத்தில், கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்குள் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாது. சமவெளி பணமுள்ளவருக்கு, சரிவு இல்லாதவருக்கு. இன்னும் பின்னால் போனால், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் இருக்கின்றன. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை இதே வேகத்தில் யாரும் பயன்படுத்தக் காணோம்.

இதற்கு நேர்மாறான வேகத்தை இதே மாவட்டம் பார்த்தது. செய்யாறு சிப்காட் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு மேல்மா உள்ளிட்ட ஊர்களில் 3,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்க முற்பட்டபோது எதிர்த்த விவசாயிகள் 2023 நவம்பரில் கைதானார்கள். ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே ஆறு பேர் மீதானது விலக்கப்பட்டது. பட்டா இல்லாதவள் ஆக்கிரமிப்பாளர், பட்டா இருப்பவள் வளர்ச்சிக்குத் தடை. நிலத்தில் பெண் நிற்பதற்கு அரசு மொழியில் சரியான இடம் என்று ஒன்று இருக்கிறதா?

டிசம்பர் 13 மகாதீபம். 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரை ஏற வேண்டும், பின்னால் பக்தர்கள் ஏற வேண்டும். ஏறலாமா கூடாதா என்று முடிவு செய்ய நிலவியல் வல்லுநர் குழு மலைக்குப் போனது, மண்ணைப் பார்த்தது, பாறையைப் பார்த்தது, அறிக்கை தந்தது. பக்தர்களுக்கு அந்த ஆண்டு அனுமதியில்லை. சரியான முடிவுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. இதில் வெளிப்பட்ட திறமைதான் என் கவனத்தை ஈர்க்கிறது. ஒரு சரிவு ஆளைத் தாங்குமா என்று சில நாட்களில் கண்டறிய அரசால் முடிகிறது. வல்லுநர் இருக்கிறார்கள், வாகனம் இருக்கிறது, கையெழுத்திட அதிகாரி இருக்கிறார். ஆண்டுக்கு ஒருநாள் ஏறி இறங்குகிறவருக்காகக் கேட்கப்பட்ட கேள்வி, ஆண்டு முழுதும் அதன் அடியில் சமைத்துத் தூங்கி எழுகிறவளுக்காக முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டாமா?

பொதுச் சுகாதாரத்திலும் இதே கதைதான். 1939இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவுக்கே முன்னோடி. குடிநீர், வடிகால், கழிப்பிடம், தாய்சேய் நலம் என்று அது உள்ளாட்சிகள் மீது கடமைகளைச் சுமத்துகிறது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. திருவிழா அத்தியாயம் எங்கள் ஊரில் நன்றாகவே வேலை செய்கிறது. பௌர்ணமிதோறும் தற்காலிகக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மருத்துவ முகாம் எல்லாம் வரும், மறுநாள் வண்டியில் ஏறிப் போகும். வந்து போகிறவர்களுக்கு நகரம் இருக்கிறது. இங்கேயே இருப்பவர்களில், சரிவில் இருக்கும் பெண் இருட்டும் வரை அடக்கிக்கொள்கிறாள், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறாள், சிறுநீர்த் தொற்றோடு வீட்டு வேலைக்குப் போகிறாள். ஆட்சேபணைக்குரிய இடம் என்றால் சாக்கடை வராது. சாக்கடை வராத இடம் என்றால் அது குடியிருக்கத் தகாத இடம். இந்த வட்டத்தைக் கிரிவலம் போல யாரோ ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்கிறார். ஊர் 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. சரிவு அதற்கு நான்கு மாதம் கழித்து.

சரி, மாற்று வீடு தருகிறோம் என்கிறார்கள். இந்த இடத்தில்தான் பெண்ணியவாதிகள் அதிகம் ஏமாறுகிறோம் என்று தோன்றுகிறது. வீட்டுமனைப் பட்டா பெண் பெயரில், ஒதுக்கீட்டு ஆணை பெண் பெயரில் என்றதும் கைதட்டிவிடுகிறோம். பெயர் அவளுடையது. இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. பின்னர் நகரத்தின் விளிம்புக்குத் தள்ளும் வழிக்கு மாறியது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரும் மாறிற்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். வெள்ள ஆபத்து என்று சொல்லி அழைத்துப்போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டி எட்டு மாடியில் குடியேற்றினார்கள். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டார்கள், பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். ஒவ்வொரு முறை லிஃப்ட் நிற்கும்போதும் கர்ப்பிணிகள் படியேறுகிறார்கள்.

அதற்கு முன்பே எழுந்த குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயர். சிலப்பதிகாரம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பெயரில் நான் இடறி விழுகிறேன். அரசன் முன் போய் நின்று, தவறு யாருடையது என்று ஆதாரத்தோடு நிறுவிய பெண் அவள். வழக்குரை காதையில் பாண்டியன் கடைசியில் எழுவாயை ஏற்றுக்கொள்கிறான், குற்றம் தன்னுடையது என்கிறான். அந்தப் பெண்ணின் பெயரை, எந்தக் கேள்வியும் கேட்க முடியாத தொலைவுக்கு அனுப்பப்பட்டவர்களின் முகவரிக்கு வைத்திருக்கிறோம்.

நீதிமன்றங்களையும் இந்த வாசிப்பிலிருந்து விலக்க முடியாது. வ.உ.சி. நகர்ச் சரிவுக்கு இரண்டரை வாரம் முன்பு, 2024 நவம்பர் 13இல், புல்டோசர் நடவடிக்கைகளுக்கு எதிரான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டை இடிக்கக் கூடாது என்றது. பொது இடங்களிலும் நீர்நிலைகளை ஒட்டியும் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஏழைகள் பெரும்பாலும் எங்கே வீடு கட்டுகிறார்களோ அந்த இடங்கள் விதிவிலக்காகிவிட்டன. மலையைக் காப்பாற்ற வேண்டும் என்கிற வழக்குகளின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. சரிவில் வீடுகள் கூடாது என்பதும் உண்மைதான். ஆனால் அகற்றும் உத்தரவுக்குத் தேதி இருக்கிறது, மாற்று வீட்டுக்கு 'விரைவில்' இருக்கிறது.

கவிஞர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த மலையை நெருப்பு என்றும் லிங்கம் என்றும் மௌனம் என்றும் எத்தனை கவிதை எழுதியிருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். ஒன்றிலாவது பதினோராவது தெரு இருக்கிறதா என்று என் இரண்டு தொகுப்புகளையும் புரட்டிப் பார்த்தேன். சரிவு இருந்தது, பனி இருந்தது, மேய்ந்த ஆடு ஒன்று இருந்தது. குடம் தூக்கிக்கொண்டு ஏறும் பெண் ஓரிடத்தில் உவமையாக வந்து போகிறாள்.

சரிவு நடந்த மாதத்தில் இரண்டாமாண்டு வகுப்பில் தன்வினை பிறவினை நடத்தினேன். சரிந்தது, சரித்தது. உருண்டது, உருட்டியது. அடிவாரத் தெருவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கையைத் தூக்கி, "மேடம், யாரும் தள்ளல, ஆனா யாரும் தடுக்கவும் இல்ல. அதுக்கு என்ன வினை?" என்று கேட்டாள். நன்னூலில் தேடுகிறேன் என்றேன். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம் அவள் வீட்டுச் சுவரில் அளந்து சிவப்பு மையில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்களாம். எதற்கான எண் என்று கேட்டதற்கு, மேலிடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பதில் வந்ததாம்.