சுமந்து செல்லப்பட்ட பயணி

பயண இலக்கியத்தில், புறப்படுவதெனத் தீர்மானித்தவரே பெரும்பாலும் அதை எடுத்துரைப்பவராகவும் அமைகிறார். 1325இல் தமது 21ஆம் வயதில் தான்ஜியர் நகரிலிருந்து தனியே கிளம்பிய இப்னு பதூதாவின் ரிஹ்லா அத்தகையது. 1965இல் 16 வயதில் கலிபோர்னியாவிலிருந்து சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றப் புறப்பட்ட ராபின் லீ கிரகாமின் ‘டவ்’ (1972) நூலும் அவ்வாறே. அவர்கள் பட்ட துன்பங்கள், தாமே தேர்ந்த வழியில் நேர்ந்தவை. சூசன் ஹேவுட் 2023இல் வெளியிட்ட ‘வேவ்வாக்கர்’ என்னும் ஆங்கிலத் தன்வரலாறு இதிலிருந்து வேறுபடுகிறது. இங்கே பேசுபவர், பிறர் விருப்பத்தால் சுமந்து செல்லப்பட்டவர்.

கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தின் 200ஆம் ஆண்டையொட்டி அவர் சென்ற வழியைத் தொடர விரும்பிய தந்தை, 1976இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து குடும்பத்தோடு பாய் விரித்தார். அப்போது மகளுக்கு வயது 7. மூன்றாண்டுகள் எனச் சொல்லப்பட்ட பயணம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீண்டது. இந்தியப் பெருங்கடலில் பேரலையொன்று தாக்கியதில் சிறுமியின் மண்டையோடு முறிந்தது. ஆம்ஸ்டர்டாம் என்னும் சிறு பிரெஞ்சுத் தீவில், மயக்கமருந்தின்றிப் பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது.

வாசகர் மறக்கவியலாத பகுதி இதுவே. எனினும் நூலின் உண்மையான வலிமை, புயலுக்குப் பிந்திய சாதாரண நாட்களைச் சொல்வதில்தான் இருப்பதாக நாம் கருதுகிறோம். தம்பி மேல்தளத்தில் பாய்மர வேலை பழக, மகளுக்குக் கீழே சமையலும் துப்புரவும் ஒதுக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்திக் கப்பலேறிய பெரியவர்களுக்கிடையே தனித்திருக்க இடமில்லை. தோழமை துளிர்க்கும் வேளையில் கப்பல் துறைமுகத்தை விட்டு அகல்கிறது. குயின்ஸ்லாந்தின் அஞ்சல்வழிப் பள்ளியே அவருக்குக் கரையோடு எஞ்சிய உறவு. பாடஞ்சொல்லும் பணியிலிருக்கும் நம்மை மிகவும் பாதித்தது, பாடத்திற்காக அப்பெண் நடத்தும் இந்த அன்றாடப் போராட்டமே.

குறைகளும் உண்டு. துறைமுகம், பழுதுபார்ப்பு, புறப்பாடு என நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகின்றன. ஆனால் அவ்வாழ்வே அவ்வாறுதான் இருந்தது. இதனினும் பெரிய குறை வேறு. தாயின் பாராமுகத்தைப் பதிவுசெய்யும் ஆசிரியர், அதன் காரணத்தை ஆழ்ந்து ஆராயவில்லை. ஆதலால் பெற்றோரை மகளின் காயத்தின் வழியாக மட்டுமே நாம் காண்கிறோம்.

தம் 16ஆம் வயதில், பெற்றோர் கடலில் இருக்க, நியூசிலாந்தில் தம்பியைக் கவனித்துக்கொண்டே படித்தவர், பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் பயின்றார். “கடல்தானே இந்த உறுதியைத் தந்தது” எனச் சிலர் வாதிடக்கூடும். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு பிள்ளை கரையேறிவிட்டது என்பதால், அதைக் கேளாமல் கடலில் இறக்கியது சரியாகிவிடாது. பிள்ளை ஓர் அமானிதம். பிள்ளைகளுக்கான வழியைத் தாமே முடிவுசெய்யும் பெற்றோரும் ஆசிரியரும் இந்நூலை அவசியம் வாசிக்க வேண்டும்.